இரண்டு பாட்டில் ரத்தம்

பூதலூர்
3.8.2004
சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஆஷ்லின் அப்பாவுக்கு,

தஞ்சாவூர் லேப் ரிப்போர்ட் நேற்று கைக்கு வந்தது. என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி நுழைந்த தடயம் இருக்கிறதாம். கல்லீரலைப் பிடிக்கிற கிருமி. என் அசதிக்கு அதுதான் காரணமா என்று இனிமேல்தான் தெரியும்.

"பிரசவத்துல ரத்தம் ஏத்துனாங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். ஆஷ்லின் பிறந்தபோது ஏற்றிய இரண்டு பாட்டிலைச் சொன்னேன். "அப்பல்லாம் ரத்தத்துல இதுக்கு டெஸ்ட் பண்ண மாட்டாங்க. வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும்" என்றார்.

சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. தொட்டால் ஒட்டாது. பிரஷ், பிளேடு, நகவெட்டி மட்டும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அத்தை என் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

கிளாட்சன் அத்தான்தான் பைக்கில் கூட்டிப் போனார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜாய்ஸ்

குவைத்
14.8.2004

ஜாய்ஸ்,

விசா மெடிக்கலில் இதே கிருமிக்கு எனக்கும் பார்த்து 'ஃபிட்' என்று முத்திரை குத்தினார்கள். என்னிடம் இல்லாதது உன்னிடம் எப்படி வந்தது?

கிளாட்சன் உன் மாமன் மகன், முறைக்காரன். நான் பெண் கேட்டு வராவிட்டால் அவன்தான் மாலை போட்டிருப்பான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒருநாள் அத்தான் என்று கூப்பிட்டிருக்கிறாயா? கடிதத்தில்கூட அவன் அத்தான், நான் ஆஷ்லின் அப்பா. அம்மா போனில், "ஒரு தடவ இல்லடா, மூணு தடவ அவன் பைக்குல போனா" என்றாள்.

வேளாங்கண்ணிக்குப் போ. அம்மா பார்க்க, மாதா முன்னால் சத்தியம் செய். செய்தால் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். டிக்கெட் போட செப்டம்பர் பதினைந்து கடைசி.

ரெமிஜியஸ்

பூதலூர்
26.8.2004
சேசு மரி சூசை துணை

அன்புள்ள உங்களுக்கு,

ஆஷ்லினுக்கு அந்தக் கிருமி இல்லை. நேற்று லேபில் எழுதிக் கொடுத்தார்கள். என் ரத்தத்தை மறுபடி எடுத்து சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிருமி இன்னும் இருக்கிறதா, உடம்பே விரட்டிவிட்டதா என்பது அதில்தான் தெரியும். இருந்தால் ஊசியும் மாத்திரையும் மாதக்கணக்கில்.

உங்கள் முத்திரையை டாக்டரிடம் சொன்னேன். "ரத்தத்துக்கு ரத்தம் போறதும்மா இது. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒட்டுறது அபூர்வம். அவருக்கு இல்லன்னா சந்தோஷப்படச் சொல்லுங்க" என்றார். நீங்கள் சந்தோஷப்படவில்லை. என் கண்ணை இழுத்துப் பார்த்து மஞ்சள் இல்லை என்றார். குவைத்திலிருந்து பார்க்கிற உங்களுக்குத்தான் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது.

மூன்று தடவை போனது உண்மை. மூன்று தடவையும் பைக்கில் எங்களுக்கு நடுவில் ஆஷ்லின் உட்கார்ந்திருந்தாள். அத்தை அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மாமன் மகனை அத்தான் என்று கூப்பிடப் பேச்சு வந்த நாளிலேயே பழக்கிவிட்டார்கள். உங்களை 'என்னங்க' என்கிறேன். அந்த வார்த்தையால் வேறு யாரையும் நான் கூப்பிட்டதில்லை.

வேளாங்கண்ணிக்கு உடம்பு குணமாக வேண்டிப் போவேன். சத்தியம் செய்யப் போகமாட்டேன்.

சென்னை முடிவு செப்டம்பர் எட்டாம் தேதி வரும் என்கிறார்கள். உங்கள் டிக்கெட்டுக்குப் பதினைந்துவரை நாள் இருக்கிறது. அந்த முடிவைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடாதீர்கள். போடுவதென்றால் அதற்கு முன்பே போடுங்கள்.

ஜாய்ஸ்