எலுமிச்சம்பழத்தோடு போனது

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம், 1911 ஐப்பசி 9.

கணக்கப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுப் பதுளையில் தையல்கடை வைக்கப்போவதாக இன்று துரையிடம் சொல்லத்தான் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துப்போனதுதான் பிசகு. பழத்தைக் கண்டதும் துரை சிரித்தார். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற பெரிய கங்காணி முந்திக்கொண்டார்.

"மேல்மலைக் கணக்கையும் இவரையே பாக்கச் சொன்னீங்கள்ல தொரை, அதுக்குத்தான் கும்பிட வந்திருக்காரு."

அப்படியொரு உத்தரவு ஆகியிருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். துரை என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க தொரை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வீட்டில் என் மனைவி செல்லம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவளிடமும் ஆமாம் என்றேன்.

எல்லாம் கட்டியாகிவிட்டது. இதை எழுத ஏற்றிவைத்த இந்த விளக்கை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.