மெட்ராஸ் பொண்ணு கேட்ட கேள்வி

ஏங்க,

மலை சுத்திட்டு வந்ததும் கால்ல வெந்நீர் ஊத்திக்குங்க. சோறும் கத்திரிக்கா குழம்பும் மூடி வெச்சிருக்கேன். ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊத்தியாச்சு. நான் கீழ்பென்னாத்தூர் தம்பி வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியல.

எம்.ஏ.வுல வயசானவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ற அந்த மெட்ராஸ் பொண்ணு கஸ்தூரி, மிச்சக் கேள்வியைக் கேக்க சாயங்காலம் வரும். மல்லாட்டை வறுத்து டப்பாவுல போட்டிருக்கேன், குடுங்க. வேர்க்கடலைன்னு சொன்னாதான் அதுக்குப் புரியும்.

நேத்து அது, “மனசு கஷ்டம்னா யார்கிட்ட சொல்வீங்க?”ன்னு கேட்டுச்சு. “எனக்கு யாரும்மா இருக்காங்க”ன்னீங்க. நான் உள்ளதான் இந்த மல்லாட்டையை உரிச்சிக்கிட்டிருந்தேன். நீங்க அதைச் சண்டைக்குச் சொல்லல. உங்க மனசுல இருந்ததைச் சொன்னீங்க. ஆனா அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கல.

சந்திரம்மாள்

மாத்திரை சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. மறந்துடாதீங்க.

இன்னொண்ணு. உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி என்னையும் அதே கேள்விதான் கேட்டுச்சு. வீட்டுக்காரர்கிட்டன்னேன். பேர் எழுதணும், சொல்லுங்கம்மான்னுச்சு. தசரதன்னு சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க பேரை நான் வாய்விட்டுச் சொன்னது அப்பதான்.