வெந்நீர் ஃபிளாஸ்க்

அக்டோபர் 6
இன்றைய கஷாயத்தில் புதிதாக ஏதோ வேர். கசப்பு காது வரை ஏறியது. "தை வரைக்கும் பாப்போம் கண்ணு. அப்பறம் அவனுக்கு வேற இடம் பாக்கோணும்," என்றார் அத்தை, குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில். கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. என் டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவரிடம் யார் சொல்வது? மகன்தான் சொல்ல வேண்டும். செல்வன் கோஸ் பொரியலில் கடுகு தேடிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9
குன்னூரில் டாக்டர் ஹன்னா, "அடுத்து வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை," என்றார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, அதுவும் விலங்கியல். தவளையின் விரையை வரைந்து 'மிக நன்று' வாங்கியவள். 'விந்து' என்ற வார்த்தையைச் செல்வனிடம் சொல்ல பஸ் முழுக்க ஒத்திகை. கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பக்கத்து அறையிலிருந்து 'ஓகே' வந்தது.

அக்டோபர் 14
லேப் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லையாம். வீட்டிலேயே எடுத்து, உடம்புச் சூடு குறையாமல் சீக்கிரம் கொண்டுவரச் சொன்னார்கள். செல்வன் கொண்டுபோனார். முடிவு: ஒன்றுகூட அசையவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "நீ வேற கல்யாணம் பண்ணிக்க அம்மிணி," என்றார். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை — இவரை விட்டு எங்கே போவது?

டாக்டர் செல்வனைக் கூப்பிட்டுக் கேட்டார். "எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"ஃபிளாஸ்க்குலங்க. கொதிதண்ணி ஊத்தி, டப்பாவ அதுக்குள்ள போட்டு..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேக வெச்சிருக்கீங்க."

டீ ஃபாக்டரி ஆள். வேறு எப்படிச் செய்வார்?

அக்டோபர் 23
இந்த முறை நான் கொண்டுபோனேன். ஸ்வெட்டருக்குள், அக்குளில் டப்பா. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது கையைத் தூக்க முடியவில்லை. "சுளுக்குங்களா?" என்றார். தலையாட்டினேன். குன்னூர் வரைக்கும் ஒரு பாட்டியம்மா எனக்கு எண்ணெய் வைத்தியம் சொன்னார்.

அக்டோபர் 25
உயிரோடு இருக்கின்றன! ஆனால் எண்ணிக்கை குறைவு, இருப்பவையும் சோம்பேறிகள். பரிசோதித்ததில் விரைப்பை நரம்பு புடைத்திருக்கிறது. வெரிகோசீல். போதாததற்குச் சூடு வேறு: பகலெல்லாம் தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கத்தில் வேலை, சாயங்காலம் தோல் உரிகிற வெந்நீர்க் குளியல், ராத்திரி மடியில் ஹாட் வாட்டர் பேக்.

"குளிர்ச்சியா இருக்கட்டும்னுதான் இயற்கை அதை வெளியே விட்டிருக்கு," என்றார் டாக்டர். "பீடி?"

"எப்பவாச்சும்ங்க."

நான் இருமினேன்.

"தெனமும்ங்க."

சின்ன ஆபரேஷன். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். உறுதி சொல்ல முடியாதாம்.

நவம்பர் 2
"அம்மாகிட்ட மூல ஆபரேஷன்னு சொல்லிக்கலாம்," என்கிறார். மூலமாம். கௌரவமான வியாதி.

நவம்பர் 19
கோயமுத்தூரில் ஆபரேஷன் முடிந்து வீடு வந்தோம். அகட்டி அகட்டி நடக்கிறார். மூலத்துக்கு நல்லது என்று அத்தை கருணைக்கிழங்குக் குழம்பு வைத்தார். செல்வன் தட்டை வழித்துத் தின்றார்.

நவம்பர் 22
இன்றும் கருணைக்கிழங்கு.

டிசம்பர் 4
அத்தை எனக்குக் கஷாயத்தை நீட்டிக்கொண்டே, பக்கத்து லைன் வீட்டுச் சின்னம்மையிடம், "செல்வனுக்குச் சுகுணாவக் கேட்டு வெச்சிருக்கேன். பாவம், இவளுக்கு வயிறு தெறக்கல," என்றார். நான் வழக்கம்போல டம்ளரை வாங்கினேன்.

செல்வன் டம்ளரை என் கையிலிருந்து எடுத்தார். "கொறை எனக்குங்கம்மா. ஆபரேஷனும் அதுக்குத்தான். மூலமெல்லாம் இல்ல."

சின்னம்மைக்குத் திடீரென்று அடுப்பு ஞாபகம் வந்து போய்விட்டார்.

அத்தை கேட்டார். "அப்ப நான் வெச்ச கருணைக்கெழங்கு?"

"நல்லா இருந்துச்சுங்கம்மா."

டிசம்பர் 5
இன்று கஷாயம் இல்லை.

ஜனவரி 15
தை பிறந்தது. செல்வன் டிரையரை விட்டு இலை நிறுக்கிற இடத்துக்கு மாறிவிட்டார். பச்சைத்தண்ணீர்க் குளியல், அலறல் ஃபாக்டரி வரை கேட்கும். மறுபரிசோதனை அடுத்த மாதம். என்ன வருமோ தெரியாது.

சுகுணா பேச்சை யாரும் எடுக்கவில்லை. பொங்கல் வைத்து முடித்த பிறகு அத்தை டம்ளரோடு வந்தார். பழக்கத்தில் கை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் மகன் முன்னால் வைத்தார். அதே வேர், அதே வாசம்.

"மூக்கப் புடிச்சுட்டு ஒரே மடக்குல குடிங்க," என்றேன்.

சர்க்கரை டப்பா என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை.