கவுனியில் வெள்ளை

12.1.2025
கருப்புக் கவுனி அறுத்தாச்சு. வீட்டுக்காரரு ஆடியில போய்ச் சேந்தாரு. அவரு கட்டி வச்சிருந்த விதையத்தான் ஆவணியில நாத்து விட்டேன். இன்னிக்கு நகத்தால உரிச்சுப் பாத்தா சில கதிர்ல அரிசி வெள்ளை. கருப்பு நெல்லுல எப்படி வெள்ளை? விதைய நாந்தான் கலந்துட்டேனோ?

13.1.2025
கொழுந்தனாரு ராஜவேல் பாத்துட்டு, "அண்ணன் இருந்த வரைக்கும் மையாட்டம் இருந்துச்சு. சலவைக்குப் போட்டாப்புல வெளுத்து வச்சிருக்கீங்களே அண்ணி"ன்னாரு. எல்லாத்தையும் மில்லுக்கு அனுப்பிட்டு வெள்ளைப் பொன்னி நடச் சொல்றாரு. வீட்டுக்காரரு கைபட்ட விதை இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் கெடுத்துட்டேனா?

14.1.2025
பொங்கல் வைக்கல.

19.1.2025
பக்கத்து வீட்டு முத்தம்மா பொண்ணு இலக்கியா வந்துது. சிதம்பரத்துல விவசாயம் படிக்குது. கதிர உரிச்சுப் பாத்துட்டு, "உங்க தப்பில்ல பெரியம்மா"ன்னுச்சு. கருப்பாக்குற ஜீன் நெல்லுல ஆத்தா பக்கம் ஒண்ணு, அப்பா பக்கம் ஒண்ணு வருமாம். ஒரு பக்கம் இருந்தாலே அரிசி கருப்புத்தான். வெள்ளை உள்ள ஒளிஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் வெள்ளையா சேர்ந்த பயிர்லதான் வெளிய தெரியுமாம்.

"ரெண்டு வருசம் முன்னயே, பூத்த நேரத்துல வெள்ளை நெல்லு மகரந்தம் காத்துல வந்து கலந்திருக்கும். அப்ப பக்கத்து வயல்ல என்ன?"
"பொன்னி."
"யாருது?"
"ராஜவேலுது."

அது வாயப் பொத்திக்கிச்சு. நானும் சிரிச்சேன். அவரு போன பிறகு இன்னிக்குத்தான். அப்புறம் அழுதேன்.

கருப்புக் கதிரா எடுத்து, ஒரு கதிருக்கு ஒரு வரிசைன்னு தனியா நடணுமாம். முழுக்கக் கருப்பா வர்ற வரிசைதான் விதைக்கு. நம்மது பூக்குறப்போ பக்கத்துல வெள்ளை பூக்கக் கூடாது.

20.1.2025
இலக்கியா சொன்னத எல்லாம் ராஜவேல்கிட்ட சொன்னேன். "என் நெல்லா? அது வரப்பு தாண்டாது அண்ணி"ன்னாரு. காப்பிய அப்படியே வச்சிட்டுப் போயிட்டாரு.

3.10.2025
வரிசை வரிசையா நட்டாச்சு. ஊர்ல எல்லாரும் நட்டுட்டாங்க, ராஜவேல் வயல் மட்டும் சும்மா கெடக்கு. ஒடம்பு முடியலையோன்னு போய்க் கேட்டேன்.

"உங்களது மொதல்ல பூத்து முடியட்டும் அண்ணி"ன்னாரு. என் மூஞ்சியப் பாக்கல.

22.1.2026
அறுத்தாச்சு. நாலு வரிசை முழுக்கக் கருப்பு. மத்ததுல இன்னும் வெள்ளை இருக்கு, அது சோத்துக்கு. கருப்ப அவரு கட்டுற மாதிரியே துணியில கட்டி வச்சேன்.

வரப்புக்கு அந்தப் பக்கம் ராஜவேல் பயிர் இன்னும் பச்சையா நிக்குது.