கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டோம், மச்சான்

எங்கே இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரிந்த என் மச்சான் ஏழுமலைக்கு,

பம்மலில் எல்லோரும் சௌக்கியம். நான் எல்லோரையும்விட சௌக்கியம். போன வாரம் என் ரத்தத்தைச் சோதித்த லேப் பெண், "இந்த வயசுல இப்படி ஒரு ரத்தத்தை நான் பார்த்ததே இல்ல அங்கிள்" என்று எழுந்து நின்றுவிட்டாள். அதை விடு. முக்கியமான செய்தி வேறு. அந்த மலையூர்த் தொடர் முடிந்துவிட்டது. எஸ்டேட் மேனேஜரைக் கொன்றது யார் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னும் இரண்டு எபிசோடு பாக்கி இருக்கும்போது நீ கிளம்பிப் போனாய். போவதற்கு முன்னால் என்னிடம் நீ பேசிய கடைசிப் பேச்சே அதுதான். "கொலைகாரன் பேரை வசந்தா கைல சொல்லிக்கீறேன் மச்சான். எல்லாம் முடிஞ்சப்புறம் அவளக் கேளு." அன்றிலிருந்து என் நெஞ்சில் ஒரே கேள்விதான். ஒரு தடவைகூடத் தவறாத உன் கணக்கு, இந்தத் தடவையும் சரிதானா?

இதை நாலு பேர் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். கோவிலம்பாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவன் நீ. என் தங்கை வசந்தாவைக் கட்டியவன். சர்க்கரை வந்து முதலில் லைசன்ஸைப் பிடுங்கியது, அப்புறம் பார்வையைப் பிடுங்கியது. அந்த நேரம் பார்த்து உன் மகன் பெருங்களத்தூர் ஃப்ளாட்டில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டினான். பார்வை போனவனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய டிவி என்று பக்கத்து ஃப்ளாட்டில் சிரித்தார்கள். "அவனுக்குத்தான். நான் சொல்வேன், அவன் பார்ப்பான்" என்று நான் ஒரே போடாகப் போட்டேன். அந்த மாடியே அடங்கிவிட்டது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து ரயிலில் பெருங்களத்தூர். பண்டிகைக் கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்ற நாளிலும் நான் வராமல் இருந்ததில்லை. நீ சோபாவில், நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், வசந்தா சமையலறையில். வசனம் நின்று வெறும் மியூசிக் மட்டும் ஓடினால் உன் கை என் முழங்கையைத் தேடும். "மச்சான், இப்ப இன்னா காட்றான்?"

நான் ஆறாவதோடு நின்றவன்தான். ஆனால் சொல்வதில் என்னை அடிக்க ஆள் பிறக்கவில்லை. அவன் ஒரு கதவைக் காட்டினால் நான் தேக்குக் கதவு, பித்தளைக் குமிழ், குமிழில் சிங்க முகம் என்பேன். அவன் நாலு தூறல் விட்டால் நான் புயலையே இறக்குவேன். சமையலறையில் வசந்தா கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். அந்த டைரக்டர்கள் என் பக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்திருந்தால் தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

நம்முடைய அபிப்பிராயங்களும் லேசுப்பட்டவையா? துப்பறிகிற போலீஸ்காரர் எவருக்கும் வீட்டில் நிம்மதி கிடையாது. பெண்டாட்டி பிரிந்து போயிருப்பாள், இல்லை பிள்ளை செத்திருக்கும். லைட்டைப் போடாமல் படம் எடுப்பதை ஒரு கலை என்று நினைக்கிறார்கள். "எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன், உனக்கும் தெரியலையா?" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மூன்று மணி நேரத்துக் கதையை எட்டு எபிசோடுக்கு இழுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் யாரையாவது கதவைத் தட்ட வைப்பார்கள். தமிழில் டப்பிங் செய்த கொரியா, ஸ்பெயின் தொடர்களில் உனக்கு வந்த தொல்லை வேறு யாருக்கும் வராது. ஒரே ஆள் எல்லா நாட்டுக்கும் குரல் கொடுக்கிறான். "இன்னாடா இது பேஜாரு, இந்தக் கொரலு போன தொடர்லயே செத்துப்போச்சே! மறுபடி எப்படி வந்து காபி கேக்குது?" என்பாய்.

இருந்தும் நீ கண்டுபிடித்துவிடுவாய். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. நானோ இரண்டு கண்ணாலும் பார்த்து, இவனா அவனா என்று எல்லோர் மேலும் பழி போட்டுக்கொண்டிருப்பேன். நாலாவது எபிசோடில் நீ அமைதியாக, "அந்த மாமியார்க்காரிதான்" என்பாய். கடைசியில் மாமியார்க்காரிதான்! எப்படிடா என்று கேட்டால், "சும்மா தோணுச்சு" என்று பல்லைக் காட்டுவாய். நான் சொல்கிற அழகில்தான் உனக்குத் துப்பு கிடைக்கிறது என்று பம்மல் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் நாம் விடவில்லை. மலையூர்த் தொடரை உன் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தபடி உனக்குச் சொன்னேன். இடையில் ஒரு நாள் டாக்டர் என்னையும் உன் மகனையும் வெளியே கூப்பிட்டு, இனி அதிக நாள் இல்லை என்றார். உனக்கும் வசந்தாவுக்கும் தெரிய வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். நேராக உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைச் சொன்னேன். குரலில் ஒரு நடுக்கம் இருக்கவேண்டுமே! தாம்பரம் வட்டாரத்தில் அப்படி ஒரு நடிப்பை எவனும் நடித்திருக்க மாட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு என்னால் அந்தத் தொடரைப் போடவே முடியவில்லை. ஊர் விடுகிறதா? ஷேர் ஆட்டோவில் இரண்டு காலேஜ் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். "ஏய், அந்த கிளைமேக்ஸ் பார்த்தியா? நான் எதிர்பார்க்கவே இல்ல, அந்த..." என்று ஒருத்தி சொல்லும்போதே நான் காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். "சொல்லாதம்மா! எங்க மச்சானே சொல்லாம பூட்டாரு, நீ சொல்லாத!" டிரைவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டான். "பெர்சு, நெஞ்சு வலியா? எறங்கு, சோடா வாங்கித் தரேன்" என்றான். எதுவும் விளங்காவிட்டாலும் அந்தப் பெண் பாவம், பல்லாவரம் வரை வாயே திறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை வசந்தா போன் செய்தாள். "அண்ணா, வந்து மிச்சத்தச் சொல்லு. நானும் எத்தினி நாள்தான் தெரியாமயே இருக்கறது?" போனேன். அதே நாற்காலி. உன் இடத்தில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் சமையலறையிலிருந்து கேட்டவள், முதல்முறையாக டிவியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"பங்களா மாடியில நூறு ஜன்னல், அத்தனையிலயும் விளக்கு" என்று ஆரம்பித்தேன்.

"எங்கண்ணா நூறு? நாலுதான் கீது."

"பின்னால கீதும்மா, கேமராக்காரன் காட்டல."

"அந்தப் போலீசு ஆறடின்னு சொன்னியே? நம்ம கேஸ் சிலிண்டர் போடற பையன் மாதிரி கீறான்!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உன் காரியம் முடிந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசி எபிசோடு பாதி ஓடியிருக்கும். அந்த ஊர் ரேஷன் கடைக்காரர், எல்லோருக்கும் நல்லவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறொன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவர்தான்" என்றாள் வசந்தா.

"யாரு? அந்தாளா? சேச்சே, அவரு சாது."

அவரேதான், மச்சான். மேனேஜரைக் கொன்றது ரேஷன் கடைக்காரர். எப்படிம்மா கண்டுபிடிச்ச என்று கேட்டேன்.

"உன் பேச்சு நின்னுபோச்சேண்ணா. உன் மச்சான் சொல்லிக் குடுத்த வித்தை. 'உங்க அண்ணன் சேர்த்து சேர்த்து சொல்றானே, அது எதுவும் கதையில இல்ல. எந்த ஆளக் காட்டும்போது ஒண்ணும் சேர்க்காம வாயத் தொறந்துகினு பார்க்கறானோ, அவன்தான் கொலைகாரன்'னு சொல்வாரு. ஒரு தடவகூட தப்புனது இல்ல."

யோசித்துப் பார். நான் பார்த்தேன், பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது என் வாய்க்கே தெரியாமல் உன் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இப்படி ஒரு மூளையை லாரி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்திருந்தோமே! நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஜாக்கிரதையாகிவிடுவேன் என்றா, இல்லை என் மனசு நோகும் என்றா?

"சரி, அவன் உன்கிட்ட சொன்ன பேரு? அதுவும் ரேஷன் கடைக்காரர்தானே?" என்று கேட்டேன்.

வசந்தா டிவியை நிறுத்தினாள். "பேரு ஒண்ணும் சொல்லலண்ணா. 'இந்தத் தடவ யாருன்னே தெரியல வசந்தா. உங்க அண்ணன் கதவுன்னா கதவுன்றான், மழைன்னா மழைன்றான். எவன் மேலயும் ஒண்ணும் சேர்க்கல. அவன் பயந்துகினு கீறான். டாக்டர் என்னப் பத்தி இன்னாவோ சொல்லிட்டாங்க'ன்னாரு. அப்படித்தான் எனக்கும் தெரியும்."

"அப்போ ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"தெரியும். 'அவன் கஷ்டப்பட்டு மறைக்கிறான், நாம கேட்டுக்க வேணாம்'னாரு."

"அப்புறம் பேரு சொல்லிக்கீறேன்னு ஏன் சொன்னான்?"

"இல்லன்னா நீ இங்க வருவியா? 'அவன் தனியா பார்க்க மாட்டான், உன்கிட்ட வந்து பார்க்கட்டும். நீயும் தனியா இருக்காத'ன்னாரு."

மச்சான், பெரிய பெரிய கம்பெனிக்காரன் ஊர் ஊராகப் போய்ப் படம்பிடித்துப் போடுகிற எந்தத் தொடரிலும் இப்படி ஒரு முடிவை நான் பார்த்ததில்லை. தன் சாவைப் படுக்கையில் கிடந்தபடி என் பேச்சிலிருந்தே தெரிந்துகொண்டவன், அழவில்லை, என்னைப் பிடித்து உலுக்கவில்லை. அந்த நேரத்திலும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருக்கிறாய். நான் நடித்தேன் என்று நினைத்தேன். நடித்தது நீ.

வசந்தா எழுந்து டீ போடப் போனாள். போகிற போக்கில் அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டாள். ஏதோ ஒரு கடலோரத் தொடராம், முதல் காட்சியிலேயே ஒருத்தி காணாமல் போகிறாளாம்.

நான் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். என் தங்கையின் வீட்டில் எந்த வெள்ளிக்கிழமையும் அந்த நாற்காலி காலியாக இருக்காது. அவள் நாலு என்று எண்ணினாலும் நான் நூறு என்றுதான் சொல்வேன்.

இந்தக் கடிதத்திலும் அங்கங்கே சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், என் கை சும்மா இருக்காது. எந்த இடத்தில் ஒன்றுமே சேர்க்கவில்லை என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொள்.

உன் பெண்டாட்டியின் அண்ணன், உன் மச்சான்,
பம்மல் தணிகாசலம்