தவளையிடம் தோற்றவர்

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ நலமாக இருப்பது தெரியும். உன் பேட்டியைப் பார்த்தேன், முகம் பளபளவென்று இருந்தது. ஆகையால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். காகிதம் என்றால் பிரித்தாவது பார்க்க வேண்டுமே என்றுதான் இந்தக் கடிதம்.

அந்தப் பேட்டியில், உங்கள் புது வீடியோ கேமை "எழுபது வயசுல எங்கப்பாவே ரசிச்சு ஆடறாரு" என்று சொன்னாய். பக்கத்தில் உன் தலைவர், அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர், நம் அப்பாவையும் அவர் கம்பெனியே தயாரித்து வெளியிட்டதுபோலச் சிரித்தார்.

அப்பா ரசிக்கவில்லை, தோற்றுக்கொண்டிருக்கிறார். அதுவும் ஒரு தவளையிடம்.

நீங்கள் செய்கிற பண்டத்தைப் பற்றி எனக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை, அது உனக்கும் தெரியும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் விழுந்தபோது, மகன் வருவான் என்று பார்த்தால் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் அந்த கேம் இயந்திரம். அதைப் பார்த்து நான் என்ன சொன்னேன் என்பதை எழுதினால் காகிதம் தாங்காது. உங்கள் முதல் கேமையும் அப்பா ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். போருக்குப் போகிற பெண்ணுக்குக் கவசம் போட்டிருக்கிறீர்கள், அது மறைக்க வேண்டிய இடம் தவிர மற்ற எல்லா இடத்தையும் மறைக்கிறது. ஊர்க்காரன் ஒருவனிடம் எத்தனை முறை போய் நின்றாலும் "கிணத்துல தண்ணி வத்திப்போச்சு" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. வில்லன் காரணமே இல்லாமல் சிரிக்கிறான். படித்த பிள்ளைகள் ஐம்பது பேர் சேர்ந்து வருஷக்கணக்கில் செய்த வேலை இதுதானா என்று கேட்டுக்கொண்டேன்.

ஆனால் அதில் ஒன்று மட்டும் உருப்படியாக இருந்தது. அதை நீங்கள் தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் அமைந்துவிட்டதா என்பது எனக்குத் தெரியாது. அந்த கேம் காத்திருந்தது. அப்பா ஆட்டிவைக்கிற நாலு பேர் ஒரு பக்கம், எதிரி ஒரு பக்கம். அப்பா முறை வந்தால், அவர் பட்டனை அழுத்துகிற வரைக்கும் அந்தப் பூதம் கத்தியைத் தூக்கியபடி அப்படியே நிற்கும். அவர் யோசிப்பார், எழுந்துபோய்ப் பல் தேய்த்துவிட்டு வருவார், மறுபடி யோசிப்பார். பூதம் முகம் சுளிக்காது. இந்த வீட்டில் அவருக்காக அப்படி யாரும் நிற்பதில்லை. பால்காரர் முதல் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற அம்மாள் வரை, அவர் முதல் எழுத்தை உச்சரித்ததுமே மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பயிற்சி அம்மாள் கரண்டிப் படத்தையும் குவளைப் படத்தையும் காட்டி, "இது என்ன, சொல்லுங்க பாப்போம்" என்று குழந்தையைக் கேட்பதுபோலக் கேட்பார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதரிடம் கரண்டியைக் காட்டினால் வேறென்ன செய்வார்? அதே மனிதர் ஒரு நாள், உன் விளையாட்டின் குகைச் சண்டையில், என்னைத் திரும்பிப் பார்த்து, "மொத... மொதல்ல அந்தப் புள்ளைக்கு மருந்து குடுக்கணும். அப்பறந்தான் அடி" என்றார். படுத்த பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். எதற்கு என்று கேட்காதே.

இப்போது புதுசு வந்திருக்கிறது. விளம்பரத்தில் 'யோசிக்க நேரமில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள உங்களால்தான் முடியும். எதிரி கை ஓங்கினால் கண்சிமிட்டுவதற்குள் பட்டனைத் தட்ட வேண்டும். நம் முறை வந்தும் உடனே தேர்ந்தெடுக்காவிட்டால் முறையே போய்விடுமாம். அப்படியென்றால் அதற்கு எதற்கு முறை என்று பெயர்? பாலத்தின் மேல் ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டினால்தான் ஆட்டமே ஆரம்பம். அப்பாவின் இடது கை பட்டனைத் தேடி முடிப்பதற்குள் அது மூன்று முறை நாக்கால் அடித்துவிடுகிறது.

பழையதையே ஆடுங்கள் என்றேன், கேட்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டிரைவர் வருவதாகவும், அவரை அப்பாவைப் பார்த்தே வரைந்ததாகவும் நீ சொல்லி வைத்திருக்கிறாய். அவரைப் பார்க்கத்தான் இந்தப் பாடு. நான் ஆடித் தாண்டிவிடுகிறேன் என்றதற்கும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். நீ போனில் கேட்டபோது "நல்...லா இருக்குடா" என்றாரே, வைத்த பிறகு என்னிடம், "அவன்ட்ட சொல்லாத. சங்கடப்படுவான்" என்றார். சொல்லிவிட்டேன், சங்கடப்படு.

அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார். என் பங்கை இப்போதைக்குத் தருவதாக இல்லை.

இப்படிக்கு,
அக்கா

•

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. கையாலேயே எழுதியிருக்கிறாய், எழுத்து இன்னும் கோழி கிளறியதுபோலத்தான் இருக்கிறது.

'எளிது' என்றொரு வசதி ஏற்கெனவே இருப்பதாக எழுதியிருந்தாய். போட்டுப் பார்த்தோம். அதைப் போட்டதும் உன் ஆட்கள் தாங்களே அடித்து, தாங்களே தடுத்து, தாங்களே ஜெயித்துக் குதிக்கிறார்கள். அப்பா கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "என்னைப் பேசஞ்சரா உக்கார வச்சுட்டான்" என்று சொல்லி இயந்திரத்தை அணைக்கச் சொன்னார். நான்கு நாளாக அதைத் தொடவில்லை. பயிற்சி அம்மாள் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

நீ உன் தலைவரிடம் பேசிப் பார்த்ததாகவும், "மெதுவா ஆடறவங்க நம்ம ஆளுங்க இல்ல" என்று அவர் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் என் வேலை ரத்தம் எடுப்பது. நரம்பு கிடைக்காத கைகள் தினமும் வருகின்றன. இவர் என் ஆள் இல்லை என்று ஒருவரையும் எழுப்பி அனுப்பியதில்லை. தட்டித் தடவி, கையைச் சூடுபடுத்தி, கிடைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், வேலை என்றால் அதுதான். உங்கள் தலைவர் ஒரு நாள் அந்த நாற்காலியில் வந்து உட்காராமலா போய்விடுவார்? அப்போதும் நான் காத்திருப்பேன். கொஞ்சம் பெரிய ஊசியோடு.

உங்கள் கேமைப் புகழ்ந்து எழுதியவர்களையும் தேடிப் படித்தேன். 'புல்லின் ஒவ்வொரு இதழும் அசைகிறது' என்று ஒருவர் உருகியிருக்கிறார். புல் அசைவதைப் பார்க்க வேண்டுமானால் ஜன்னலைத் திறந்தால் போதாதா? நாலு பேர் உயிர் நம் கையில் இருக்கிறது, யாருக்கு மருந்து, யாரை முன்னால் நிறுத்துவது என்று நாமே யோசித்து ஒரு முடிவெடுக்கிறோம், நல்லதோ கெட்டதோ அது நம் முடிவு. இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? அந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது புல்தான். இதைக் கண்டுபிடிக்க நான் எந்தப் படிப்பும் படிக்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பார்த்துச் செய். உன்னால் முடியாதென்றால் முடியாது என்று எழுது. சமாதானம் எழுதாதே.

அக்கா

•

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் குறை. 'காத்திரு' என்ற பொத்தானை நீ வைத்த இடம் இருக்கிறதே, திருடன் கூட நகையை இவ்வளவு ஒளித்து வைக்க மாட்டான். தேடி எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு மாதமாக வேலை நேரத்துக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து இதைச் செய்தாய் என்று எழுதியிருந்தாய். இப்போது உன் தலைவர் அதைத் தன் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறாராம். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மனிதருக்கு வேறு என்ன தெரியும்?

தவளை செத்தது. அப்பா அதைக் கொல்ல ஒரு காலைப்பொழுது முழுவதையும் எடுத்துக்கொண்டார், பாதியில் குளிக்கவும் போய்விட்டு வந்தார். தவளை நாக்கை நீட்டியபடி நின்றது.

பாலம் தாண்டி உன் டிரைவர் வந்தார். மீசை சரி. தோள் சரி. ஆனால் வாயைத் திறந்ததும் விதி, பயணம், இருளும் ஒளியும் என்று பொரிந்து தள்ளுகிறார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இவன் ஏன் இவ்ளோ பேசறான்? ரோட்டப் பாக்க வேணாமா?" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஒரு பக்க உதட்டால். அந்த வசனத்தை எழுதிய ஆளை எனக்காக ஒரு முறை முறைத்துப் பார்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. அந்த டிரைவருக்கு நீங்கள் ஒரு பெரிய அடி வைத்திருக்கிறீர்கள்: பஸ்ஸைக் கொண்டுபோய் எதிரி மேல் மோதுவது. அதை அழுத்தினால் எப்பேர்ப்பட்டவனும் விழுந்துவிடுவான். அப்பா அதை ஒரு தடவைகூட அழுத்தவில்லை. ஒரு சண்டையில் மூன்று பேர் சாய்ந்து, டிரைவர் ஒருவரே மிச்சம். நான் பொறுக்க முடியாமல், "மோதுங்கப்பா" என்றேன். திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பழைய அப்பா அப்படியே இருந்தார். "வண்டில ஆள் இருக்காங்கம்மா" என்றார்.

நான் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். பஸ் ஜன்னல்களில் நீங்கள் சும்மா தலைகளை வரைந்து வைத்திருக்கிறீர்கள், அலங்காரத்துக்கு. அவர் அதைப் பார்த்திருக்கிறார். அந்தச் சண்டையில் தோற்றார். மறுநாள் வேறு விதமாக யோசித்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மற்ற மூன்று பேரையும் வைத்தே ஜெயித்தார். உங்கள் கேம் ஆடத் தகுந்ததா என்று என்னை யாராவது கேட்டால், அந்த ஒரு நாளுக்காக ஆமாம் என்பேன். அதற்கு மேல் புகழ்ச்சியை என்னிடம் எதிர்பார்க்காதே.

வீட்டுச் செய்தி. போன வாரம் அப்பாவுக்கு இடது கையும் கொஞ்சம் மரத்துப்போனது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் நான். அந்த வார்த்தையை அவர் எந்தெந்தக் குரலில் சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது கேமில் கடைசிச் சண்டை. வில்லன் எதிரே நிற்கிறான், அப்பாவின் முறை. ஆனால் அழுத்த மாட்டேன் என்கிறார். ஏன் என்றால், "அவன் வரட்டும். சேந்து யோசிக்கலாம்" என்கிறார். யோசிக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். முன்னறையில் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, துடைக்கப் போனால்கூட "தொடாத" என்கிறார். சோபாவில் தன் இடது பக்கத்தைக் காலியாக விட்டு உட்காருகிறார்.

நீ வா. லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வா. வரும்போது பெட்டி எதையும் தூக்கிக்கொண்டு வராதே, வெறும் கையோடு வந்தால் போதும். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல், ஸ்டேஷனில் நான் வந்து நிற்கிறேன்.

நன்றாயிரு.

உன் அக்கா