எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த ஒயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அதேபோல இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உறையைப் பார்த்ததுமே பதறியிருப்பாய். பதறாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று போன வாரம் முழுக்க முயன்றேன், வாயைத் திறக்கும்போதெல்லாம் சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பல்லா முளைக்கும் என்று நீயே சிரித்தாய். சொல்ல வந்தது வேறு, அது வாய்க்கு வரவில்லை, அதனால் கையிடம் விட்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் இதைக் காட்டுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

வீட்டுச் செய்தி என்று பார்த்தால், புயல் காற்றில் பால்கனிக் கண்ணாடி உடைந்ததைச் சொல்லியிருந்தேன் அல்லவா, கண்ணாடிக்காரர் வந்து அளவெடுத்தார், எடுத்த அளவோடு போனவர்தான், இன்னும் ஆளைக் காணோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, அப்படியானால் இறங்கலாம் என்று அவளாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு காலையிலேயே கீழே போய்விடுகிறாள், பிறகு எப்படி மேலே வருகிறாள் என்று கேட்டால் அது லிஃப்டுக்கும் தனக்கும் உள்ள விஷயம் என்கிறாள். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் முதல் நாள் முழுக்கச் சீட்டாடினோம், எல்லா ஆட்டத்திலும் அவள்தான் ஜெயித்தாள், நீ ஏமாற்றுகிறாய் என்று அவளைச் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் இருந்த பழைய போன் உனக்கு நினைவிருக்கும். வீடே இருண்டு கிடந்தாலும் ரிசீவரைத் தூக்கினால் சத்தம் கேட்கும், அதற்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பியிலேயே வந்துவிடும். போன் கம்பெனிக்காரர்கள் அதைப் பிடுங்கிவிட்டு ஃபைபர் என்கிற கண்ணாடி இழையைக் கொண்டுவந்தார்கள். இப்போது போனும் இன்டர்நெட்டும் ஹாலில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிற குட்டிப் பெட்டி வழியாக வருகின்றன. கம்பெனி பக்கம் ஜெனரேட்டர் இருக்கிறது, இழை உயிரோடுதான் இருக்கும், நம் வீட்டில் கரண்ட் போனால் பெட்டிதான் செத்துவிடும். கூடக் கொடுத்த பேட்டரி அரைப் பொழுது தாங்கினால் அதிகம். இதைப் பற்றிக் கட்டடத்துக் கூட்டத்தில் முதலில் கேட்டவர் மூன்றாவது மாடித் தையல்காரம்மா, நீ அத்தை அத்தை என்று கூப்பிடுவாயே அவர்தான். உன்னைப்போலத் தூர தேசத்தில் இருக்கிற அவர் மகள், உன் தோழி, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த நேரம் அது. மாடிப்படி விளக்குக்கும் லிஃப்ட் மணிக்கும் கீழே பெரிய பேட்டரி இருக்கிறதே அண்ணா, அதிலிருந்து எல்லாருக்கும் பொதுவாக ஒரு போனுக்காவது லைன் இழுக்க முடியாதா என்று கேட்டார். செகரட்டரி நான்தானே, முடியாது என்று சொல்லிவிட்டேன். பேட்டரிக்குத் தாங்காது, லிஃப்ட் மணி நின்றுவிடும், ஆபத்து என்று அடுக்கினேன். எலக்ட்ரீஷியனை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவில்லை, அலைய வேண்டுமே என்ற சோம்பல். பஸ் நிலைய விசாரணை ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, கிளம்பவே கிளம்பாத பஸ்ஸை இதோ வந்துகொண்டிருக்கிறது என்று மைக்கில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா, எல்லாரும் நம்பித் தலையாட்டினார்கள்.

அடுத்த மாதமே ஒரு சாயங்காலம் கரண்ட் போய், எங்கள் செல்போன்களும் சார்ஜ் தீர்ந்து, உன்னால் எங்களைப் பிடிக்க முடியாமல் போயிற்று. மறுநாள் நீ அழுதாய். உன்மேல் பழியைப் போடுவதற்காக இதை எழுதவில்லை, நடந்த வரிசையில் சொல்கிறேன். நான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மின்னல் என்றுதான் அவனுக்கு இங்கே பேர், வந்தது தெரியும், போனது தெரியும், வேலை முடிந்ததா என்பது மட்டும் தெரியாது. இந்த வேலையை மட்டும் பாவி கச்சிதமாக முடித்தான். கீழ் அறைப் பேட்டரியிலிருந்து தண்ணீர்க் குழாய்கள் மேலேறும் சந்து வழியாக ஒரே ஒரு ஒயர், முதல் மாடிக்கு, நம் வீட்டுக்கு மட்டும். இந்தச் சின்னப் பெட்டிக்குப் பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும் சார் என்றும் சொல்லிவிட்டுப் போனான், கூட்டத்தில் நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். தெரிந்த பிறகும் கூட்டத்தைத் திரும்பக் கூட்டவில்லை. எல்லார் வீட்டிலும்தான் பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று அவள் வாயை அடைத்தேன்.

பிறகு புயல் வந்தது. முதல் நாள் காலையில் கரண்ட் போயிற்று, இருட்டுவதற்குள் செல்போன் கோபுரங்களும் ஓய்ந்துவிட்டன, கட்டடத்தில் எல்லார் வீட்டுப் பெட்டியும் அணைந்துவிட்டது. நம் வீட்டுப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, வாசலுக்குத் தெரியாமல் இருக்க அதன் முன்னால் காலண்டரைச் சாய்த்து வைத்தேன். மின்விசிறி இல்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை, மேல்வீட்டில் கரண்டி விழுந்தால் இங்கே கேட்கிறது. மணிச் சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் எனக்குப் போதவில்லை. நீ கூப்பிட்டபோது ஏன் அப்பா குசுகுசு என்று பேசுகிறீர்கள் என்று கேட்டாய், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு நெஞ்சோடு நிற்கவில்லை, தொண்டையையும் பிடித்துவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் நீ கூப்பிட்டு, தையல்காரம்மாவின் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், உள்ளே போவதற்கு முன்னால் அம்மா குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அழுகிறாள், நம் வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறேன், அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வையுங்கள் அப்பா என்றாய். சரி என்றேன். உண்மையாகவே போகத்தான் கிளம்பினேன், அதை மட்டும் நம்பு. வீடுகளுக்குள் புழுக்கம் தாங்காமல் எல்லாரும் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பல் டாக்டரும் பேங்க்காரரும் போன் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேங்க்காரர், “நம்ம செகரட்டரியைப் பாருங்க, நெனச்சா தன் வீட்டுக்கு மட்டும் ஒரு லைன் இழுத்திருக்க முடியாதா, நம்மளோட சேர்ந்து அவரும் இருட்டுல கிடக்கிறாரு” என்றார். அங்கேயே நின்றுவிட்டேன். தையல்காரம்மாவை எல்லார் கண் முன்னாலும் போனுக்கு அழைத்துப் போனால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் யோசித்தேனே தவிர, அங்கே ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று யோசிக்கவில்லை. படி விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் போன் அடித்தது. அம்மா கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். உன் நம்பர் இல்லை, அந்தப் பெண்தான் என்று தெரிந்தது. சத்தம் வெளியே கேட்கும் என்று போனைத் துண்டில் சுற்றினேன். நின்றுவிட்டு மறுபடியும் அடித்தது. கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், துண்டுக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்து, இரும்மா, அம்மாவைக் கூப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுகூட இல்லை, அதுவாக ஓயும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பக் கூப்பிட்டுப் பேசினாளா என்று கேட்டபோது, இடையில் லைன் போய்விட்டது, இப்போதுதான் வந்தது என்று சொன்னேன். நீயும் அதை நம்பி அவளுக்குச் செய்தி அனுப்பினாய். உன் வாயால் என் பொய்யைச் சொல்ல வைத்துவிட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பெண்குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, தாய்தான் ரத்தம் நிற்காமல், கண் திறப்பாளா மாட்டாளா என்று எல்லாரையும் கலங்க வைத்துவிட்டாள். அவளுக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கவே முடியவில்லை. கரண்ட் வந்து, மகள் பிழைத்த சேதியும் வந்து, அந்த அம்மா நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தார், எனக்கு நன்றி சொல்ல. நீங்கள் முயற்சி பண்ணியும் லைன் போய்விட்டதாமே அண்ணா, நீங்கள் என்ன செய்வீர்கள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நம் பெட்டியோடு வந்த பேட்டரிதான் கொஞ்சம் கூடத் தாங்கியது என்று நினைத்திருந்தார். உடைந்த கண்ணாடிக்கு நான் அட்டை வைத்து மறைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, மழையில் ஊறிவிடுமே என்று மறுநாள் கெட்டித் துணியில் ஒரு திரையும் தைத்துக்கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, “அன்னிக்கு போனுக்கு எதுக்குங்க துண்டு சுத்தியிருந்தது?” என்று கேட்டாள். நான் அந்தத் திரையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீங்களாகப் போய்ச் சொல்கிறீர்களா, நான் போய்ச் சொல்லட்டுமா என்றாள்.

போனேன். அந்த அம்மா மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கூட்டத்தில் சொன்ன பொய், ஒயர், படிக்கட்டு, துண்டு, ஒன்றையும் மறைக்கவில்லை. கத்திரி பாதித் துணியில் நின்றது. திட்டுவார், அழுவார் என்று தயாராக இருந்தேன். “ரெண்டு மாடிதானே சார்” என்றார், அவ்வளவுதான். மறுபடி வெட்ட ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு கூட்டத்தைக் கூட்டி எல்லாரிடமும் சொன்னேன். பேங்க்காரர் எழுந்து போய்விட்டார், அவர் என்னை எவ்வளவு பெரிய மனிதனாக நினைத்திருந்தார் என்பது அந்த வேகத்தில்தான் தெரிந்தது. பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். யார் எடுத்துக்கொள்வது என்றதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தண்டனையாக நீங்களே இருந்து தொலையுங்கள் என்று பல் டாக்டர் சொன்னார், இரண்டு பேர் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மின்னல் ஒயரை வெட்டக் கட்டிங் பிளேயரோடு தயாராக நின்றான். அப்போதுதான் தையல்காரம்மா வாயைத் திறந்தார். “ஒயரை வெட்ட வேண்டாம். போனை வெளிய வைங்க, யாருக்கு வந்தாலும் கூப்பிட்டுக் கொடுக்கலாம்” என்றார். என் பக்கம் பார்க்கவில்லை, மின்னலைப் பார்த்துத்தான் சொன்னார். மின்னல் ஒயரையும் இழையையும் மேலே நீட்டிவிட்டான், நம் போனும் பெட்டியும் இப்போது மூன்றாவது மாடிப் படிக்கட்டில், அவர் வீட்டு வாசலை ஒட்டிய பலகையில் இருக்கின்றன. எப்போதும் வீட்டில் இருப்பவர் அவர்தானே என்று எல்லாருமாக முடிவு செய்தார்கள்.

உன் தோழிக்கு நானே எழுதப் போகிறேன், அவள் முகவரியை அனுப்பு. அதற்குள் அப்பாவுக்கு வயசாகிவிட்டது, பயந்துவிட்டார் என்று எனக்காகப் பேசாதே. வயசு பாவம் இதில் ஒன்றும் செய்யவில்லை. உன் அப்பா இப்படி ஒரு காரியம் செய்தார் என்று நீ தலைகுனிய வேண்டி வந்ததை நினைத்தால் கூனிக்குறுகிப் போகிறேன் கண்ணு. நீ என்னைத் திட்டி எழுதினாலும் சரி, அம்மாவிடம் மட்டும் சில நாள் பேசினாலும் சரி.

நீயும் மாப்பிள்ளையும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும், சின்னவன் எல்லாப் பல்லும் முளைத்து அதில் நல்ல வார்த்தையாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையை வெயிட் தூக்க வேண்டாம் என்று சொல், இடுப்பு வலி சொல்லிக்கொண்டு வராது. இன்னொன்று, மறந்துவிடாதே. சாதாரண நாட்களில் எங்கள் செல்லுக்கே கூப்பிடு. கரண்டும் போய்ச் செல்லும் செத்துவிட்டால்தான் பழைய நம்பர், அது இனி கட்டடத்துக்கே பொது. அத்தைதான் எடுப்பார். யார் என்று சொல்லி, அப்பாவைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா என்று பணிவாகக் கேள். அவர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டால் கோபித்துக்கொள்ள நமக்கு நியாயம் இல்லை. ஆனால் அப்படிச் செய்ய மாட்டார், எனக்குத் தெரியும். இரண்டு மாடி இறங்கி வந்து நம் கதவைத் தட்டுவார், அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

உன் நல்லதை மட்டுமே நினைக்கும்,
அப்பா